எல்லாரும் நல்லா இருக்காங்க

கோட்டுக்காரர் எங்கள் தெருமுனையில் மைக்கைப் பிடித்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அப்படிப்பட்ட வெயிலிலும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். அவரும் எங்களைப் போலக் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்தான். எங்கள் பேச்சைப் பேசுகிறவர், எங்கள் ஓட்டைக் கேட்டு நிற்கிறவர்.

"நான் முறையா வந்தவன்!" என்றார். "கெஞ்சல, அழல. சட்டப்படி கேட்டேன், குடுத்தாங்க. இப்ப வர்றவன் என்ன பண்றான்? திருப்பி அனுப்புறோம்னு சொன்னா, ஊர்ல கஷ்டம்னு கண்ணைக் கசக்கிட்டு மேல்முறையீடு போடுறான். நான் ஜெயிச்சா அந்தக் கஷ்ட மேல்முறையீடுங்கிறதே இருக்காது!"

கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேர் அதே மேல்முறையீட்டால் இங்கே தங்கியவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்களில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்தவனே நான். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறேன். நடத்துகிறேன் என்றால், எழுதுவதும் நான், பிழை பார்ப்பதும் நான், கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கடைகளில் போடுவதும் நான்தான். ஒரு தையல் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தேன். கீழே கடை, கடைக்குப் பின்னால் ஒரு துணித் திரையைத் தள்ளினால் அவர்கள் வீடு. டெய்லர் தைப்பார், அவர் மனைவி இஸ்திரி போடுவார். டெய்லரின் தம்பியும் அவர்களோடுதான் இருந்தான். சின்னவன் என்று பெயர். கட்டடங்களுக்குக் கூரைத் தகடு அடிக்கிற வேலை. வெயிலில் தகடு சுட்டுச் சுட்டு அவன் உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருக்கும். அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் அண்ணி என்றேன். கொஞ்ச நாளில் தெருவே அண்ணி என்றது.

கோட்டுக்காரரின் பேச்சு ஒலிபெருக்கியில் கடைக்குள் வந்து விழுந்தபோது அண்ணி ஒரு சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எந்தச் சட்டப்படி வந்தாராம் இவரு?"

"உனக்கு எதுக்கு? காலர் தீயுது பாரு" என்றார் டெய்லர்.

"தீயல. நான் எடுத்துட்டேன். எந்தச் சட்டப்படின்னு கேக்குறேன்."

அண்ணியின் கோபம் சும்மா வந்ததில்லை. சின்னவனை நாட்டை விட்டு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அந்தக் கஷ்ட மேல்முறையீடு ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த வழி. அதிலும் தோற்றால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், திரும்ப வர முடியாது.

அவர்கள் ஊர் கடலோரம். ஒரு மழைக்காலத்தில் கடல் ஏறி வந்து அவர்கள் வீட்டோடு அந்தத் தெருவையே வாரிக்கொண்டு போய்விட்டது. சின்னவனின் அக்கா கணவனும் அதில் போனான். அம்மாவும் அக்காவும் அன்றிலிருந்து நிவாரணக் கொட்டகையில் கிடக்கிறார்கள். சின்னவனுக்கு வேலை அனுமதி வாங்கித் தந்த கம்பெனி மூடியதும் அனுமதியும் போயிற்று. ஊரில் நிற்க இடமில்லை, இங்கேயே இருக்க விடுங்கள் என்று விண்ணப்பம் போட்டான். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, "ஊர்ல அம்மா, அக்கா எல்லாம் எப்படி இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த மகராசன் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? "எல்லாரும் நல்லா இருக்காங்க சார்."

அதிகாரி அதை அப்படியே தட்டச்சு செய்துவிட்டார். 'குடும்பத்தினர் நலமாக உள்ளனர் என மனுதாரரே ஒப்புக்கொண்டதால் கஷ்டம் ஏதும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

"ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று டெய்லர் அன்று தலையில் அடித்துக்கொண்டார்.

"முன்னப் பின்னத் தெரியாதவரு, அக்கறையா விசாரிக்கிறாரு. அவர்கிட்டப் போய் எடுத்த எடுப்புல ஒப்பாரி வைக்க முடியுமா?"

அவனைத் திட்டி என்ன பயன்? வயிறு காயும்போது 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டாலும் 'ஆச்சு' என்கிற ஜனங்கள் நாங்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே போனில் 'நல்லா இருக்கேன்' என்போம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒருவனை விமானத்தில் ஏற்றுவார்கள் என்று யார் கண்டது?

மறுநாள் காலை அண்ணி மாடியேறி வந்தார். கையில் வண்டிச் சாவி.

"பேப்பர்காரரே, யாரு எப்படி இந்த நாட்டுல தங்குனாங்கங்கிறதெல்லாம் பொது ஆவணந்தானே? யார் வேணா போய்ப் பாக்கலாம்தானே?"

"பாக்கலாம். தீர்ப்பாயத் தீர்ப்பெல்லாம் ஆவணக் கூடத்துல இருக்கு. யாரும் போறதில்ல, அவ்வளவுதான்."

"வாங்க, போவோம்."

"கடை?"

"அவரு பாத்துக்குவாரு. துணி ஒரு நாள் சுருக்கத்தோட கிடந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

ஆவணக் கூடம் பழைய கட்டடம். உயரத்தில் மின்விசிறிகள், காற்று கீழே வந்து சேர்வதற்குள் தூங்கிவிடும். கவுன்ட்டரில் இருந்த பெண், கோட்டுக்காரரின் பெயரைக் கேட்டதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்காகத் தேடுறீங்க?"

"எனக்காகத்தான்" என்றார் அண்ணி. "ஓட்டுப் போடப் போறது நான்தானே."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணினியில் தட்டிப் பார்த்தார். அந்தப் பெயரில் குடியுரிமை இருந்தது, அதற்கு முந்தைய கதை எதுவும் இல்லை. வானத்திலிருந்து குதித்தவர் மாதிரி இருந்தது.

"பேர் மாத்தியிருப்பாரு" என்றார் அவர். "வாயில நுழையலன்னு இங்க வந்து நிறையப் பேர் சுருக்கிக்குவாங்க. மாத்துனா அரசிதழ்ல அறிவிப்பு வந்திருக்கும். பிறந்த தேதி தெரிஞ்சா அதை வச்சுத் தேடலாம்."

பிறந்த தேதிக்கு ஏன் அலைய வேண்டும்? வேட்புமனுவின் நகலைத் தேர்தல் அலுவலகத்துப் பலகையிலேயே ஒட்டியிருந்தார்கள். போய்க் குறித்துக்கொண்டு வந்தோம். பிறகு அரசிதழ்கள். தடிதடியான பைண்டு தொகுப்புகள். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் துணியில் சுருக்கம் நீவுகிற மாதிரி பக்கத்தை நீவிவிட்டு, வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு போனார். தூசியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. உள்ளே எதுவும் தின்னக் கூடாது என்பதால் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பன்னும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம்.

"கிடைக்கலேன்னா?" என்றேன்.

"கிடைக்கலேன்னா அவரு சொன்னது நெசம்னு ஒத்துக்குவேன். கோவம் வந்தாலும் ஒத்துக்குவேன்."

பொழுது சாய்வதற்கு முன் கிடைத்தது. அதே பிறந்த தேதி, பழைய நீளப் பெயர், 'இனிமேல் இப்படி அழைக்கப்படுவேன்' என்று இன்றைய சுருக்கப் பெயர். பழைய பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கவுன்ட்டர் பெண் உள்ளே போய் ஒரு மெல்லிய தீர்ப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். யாரும் ஒளித்து வைக்கவில்லை. பூட்டு இல்லை, முத்திரை இல்லை. அத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தயாராக அலமாரியில் இருந்தது, கேட்கத்தான் நாதியில்லை.

நான் வாசித்தேன். கோட்டுக்காரர் வந்தது சுற்றுலா அனுமதியில். காலம் முடிந்தும் திரும்பவில்லை. பிடித்து, அனுப்ப உத்தரவு போட்டார்கள். அவர் கஷ்ட மேல்முறையீடு செய்தார். ஊரில் கலவரத்தில் வீடு எரிந்துவிட்டது, அம்மா வீடு வீடாக ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று. அடுத்த பத்தியில் என் குரல் நின்றுவிட்டது.

"என்ன? படிங்க" என்றார் அண்ணி.

'மனுதாரர் முதல் விசாரணையில், வீட்டில் அனைவரும் நலம் என்று கூறியதை அதிகாரி அவருக்கு எதிராகக் கொண்டுள்ளார். அறியாத ஒருவர் நலம் விசாரிக்கையில் நலம் என்று பதில் சொல்வது இம்மக்களிடையே மரியாதை. மரியாதையைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது. மனுதாரர் இத்தீர்ப்பாயத்தின் முன் அழுதார். அவ்வழுகையைத் தீர்ப்பாயம் நம்புகிறது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.'

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம சின்னவன் சொன்ன அதே வார்த்தை."

"அதேதான்."

"அழுதான்னு கோவமில்லங்க எனக்கு. வீடு எரிஞ்சா யாரும் அழத்தான் செய்வாங்க. பெத்தவ ஒளிஞ்சு திரிஞ்சா அழாம என்ன பண்ணுவான்? ஆனா தான் அழுது வாங்குனதை இன்னொருத்தன் அழுது வாங்கக் கூடாதுங்கிறான் பாருங்க, அதுதான் ஆறல. நாக்கு கூசலையே இவனுக்கு!"

அன்று வரை அவர், இவர் என்று சொன்னவர், அந்தத் தீர்ப்பைக் கேட்டதிலிருந்து அவன், இவன் என்று ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் அதை வைத்துப் பெரிய வாக்குவாதம். சின்னவனின் மேல்முறையீட்டை நடத்துகிற வக்கீலம்மாவும் இருந்தார். தன் கறுப்புக் கோட்டின் கை நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்தார், வாங்க வந்தவர் தீர்ப்பைப் படித்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது இன்னும் செல்லுபடியாகுற தீர்ப்பு. யாரும் ரத்து பண்ணல. சின்னவருக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. இதை வச்சே வாதாடுவேன்" என்றார்.

"அதோட விடுங்க" என்றார் டெய்லர். "பேப்பர்ல எல்லாம் போட வேணாம். பெரிய இடத்து வம்பு நமக்கு எதுக்கு? நாளைக்குக் கடையில கல்லு விழுந்தா யாரு வருவா?"

"கல்லு விழுந்தா விழட்டும். ஊரை ஏமாத்துறதை வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?" என்றார் அண்ணி. "நீங்க போடுங்க பேப்பர்காரரே."

சின்னவன் ஒரு மூலையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தான். "பாவம் அண்ணி" என்றான். "அவரு அம்மா ஒளிஞ்சு இருந்தாங்களாமே. என்ன பாடுபட்டாங்களோ."

அண்ணி அவனை முறைத்த முறைப்பில் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

நான் போட்டேன். முதல் பக்கத்தில், தீர்ப்பின் படத்தோடு. பத்திரிகை அன்று காலையிலேயே தீர்ந்துபோயிற்று. கோட்டுக்காரர் வீட்டை விட்டு வெளியே வர முடியாது என்று மனக்கோட்டை கட்டினேன். அவர் சாயங்காலமே வந்தார். அதே தெருமுனை, அதே மைக்.

"ஆமா, அழுதேன்!" என்றார். "அந்த ஓட்டை வழியா வந்தவன்தான் நான். ஓட்டை எங்க இருக்குன்னு அதுல நுழைஞ்சவனுக்குத்தானே தெரியும்? அதை அடைக்க என்னை விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

விசில் பறந்தது. போன கூட்டத்தை விடக் கைதட்டல் அதிகம். என் பக்கத்தில் நின்றவன், நான் மனு எழுதிக் கொடுத்துத் தங்கியவன், "எப்படி அடிச்சாரு பாத்தீங்களா!" என்று என் முதுகிலேயே தட்டினான். அவன் கையை உடைக்கலாமா என்று வந்தது எனக்கு. நாங்கள் தூசியில் தும்மித் தும்மித் தேடியதை அவர் ஒரே மூச்சில் தன் கிரீடத்தில் செருகிக்கொண்டுவிட்டார்.

கடையில் கல் விழவில்லை. அதைவிட மோசமாக, துணி வரத்து நின்றது. நெடுநாள் வாடிக்கையான ஓர் அம்மா வந்து, "என் பேன்ட்டைக் குடுத்துடுங்க, அவசரம்" என்றார். ஒரு காலில்தான் மடிப்பு எடுத்திருந்தது. "ரெண்டு நிமிஷம், இன்னொரு காலையும் தேச்சுடுறேன்" என்று அண்ணி சொல்லச் சொல்ல, கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

"போடி போ. ஒத்தைக் கால் மடிப்போட ஆபீசுக்குப் போ" என்றார் அண்ணி, அவர் தெருவைத் தாண்டிய பிறகு. பிறகு வெறும் மேசையில் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். டெய்லர், 'நான் சொன்னேன் பார்த்தாயா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான்.

வேலை குறைந்ததில் ஒரு நன்மை, சின்னவனைத் தயார் செய்ய நேரம் கிடைத்தது. அண்ணி கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு, தையல் மெஷினுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அதிகாரி ஆனார்.

"உள்ள வாங்க, உக்காருங்க. ஊர்ல அம்மா எப்படி இருக்காங்க?"

"ந... நல்லா..."

"அடி வாங்குவ!"

"அண்ணி, வாய்ல தானா வருதுங்க. நீங்க வேற சிரிச்ச முகமா கேக்குறீங்க."

"அங்கயும் சிரிச்ச முகமாத்தாண்டா கேப்பாங்க. இன்னொரு தரம். அம்மா எப்படி இருக்காங்க?"

"முடியலங்க."

"என்ன முடியல? விளக்கமாச் சொல்லு."

"முட்டி வலிங்க. ஆனா பரவால்லங்க."

"பரவால்லயா? யாருடா உன்னைப் 'பரவால்ல' சொல்லச் சொன்னா?" அண்ணி டேப்பை எடுத்து அவனை விரட்டினார். மெஷினில் இருந்த டெய்லர் சிரித்துச் சிரித்து நூலை அறுத்துவிட்டார். பல நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

விசாரணை அன்று மழை கொட்டியது. சின்னவனோடு கூரை வேலை செய்கிற ஆட்களும் நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூடிய கம்பெனியின் அனுமதியில் வந்தவர்கள்தான் அவர்களும். எல்லாருக்கும் அனுப்ப உத்தரவு, எல்லாருக்கும் மேல்முறையீடு. சின்னவனுடையது முதலில். அவனுக்குக் கிடைத்தால் அதே தீர்ப்பை வைத்து அவர்களுக்கும் வாதாடுவதாக வக்கீலம்மா சொல்லியிருந்தார்.

தீர்ப்பாயத்தில் வயதான ஒருவர் அமர்ந்திருந்தார். வக்கீலம்மா கோட்டுக்காரரின் தீர்ப்பைக் கொடுத்தார். அந்தப் பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பெயரைப் பார்த்ததும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சின்னவனிடம், "நீங்களே சொல்லுங்க. உங்க அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

சின்னவன் என்னைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான்.

"கொட்டகையில இருக்காங்கய்யா" என்றான். "இந்த மாதிரி மழை பெய்ஞ்சா கீழ தண்ணி வந்துரும். அக்காவும் அம்மாவும் நின்னுக்கிட்டே தூங்குவாங்களாம். நான் இங்க ஊரான் வீட்டுக்கெல்லாம் கூரை போடுறேன். எங்க அம்மாவுக்கு ஒரு கூரை இல்லய்யா." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் உத்தரவு வந்தது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது, முன்தீர்ப்பு இன்னது என்று கோட்டுக்காரரின் பழைய நீளப் பெயர் அதில் அச்சாகியிருந்தது. டெய்லர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு விசும்பினார். அண்ணி அவர் முதுகைத் தடவிக்கொண்டு, "எந்திரிங்க, துணி நனையுது" என்றார்.

பிரச்சாரத்தின் கடைசி நாள். கோட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி, கையில் மைக்கோடு, கடைகடையாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். சின்னவனும் அவன் கூட்டாளிகளும் வேலை முடிந்து கையில் தார்க் கறையோடு எங்கள் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் போய் ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடுறேன்."

"யாருக்குடா?" என்றார் அண்ணி.

"அவருக்குத்தான். அவரு கேஸ் இல்லேன்னா நான் இல்லயே அண்ணி. சொல்லாட்டி நல்லா இருக்காது."

"உனக்கென்ன கிறுக்கா? நில்லுடா!"

அவன் நிற்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து நேரே கோட்டுக்காரர் முன்னால் போய் நின்றான். ஓட்டுக் கேட்க நீட்டிய கையில் மைக் அப்படியே இருந்தது.

"ஐயா, உங்க தீர்ப்பை வச்சுத்தான் எனக்கும் தீர்ப்பு வந்துச்சு. நீங்க அன்னைக்கு அழலேன்னா இன்னைக்கு நான் இங்க இல்ல. ரொம்ப நன்றிங்க."

ஒலிபெருக்கி அத்தனையையும் தெருக்கோடி வரைக்கும் சொன்னது. கோட்டுக்காரர் முகம் ஒரு கணம் கறுத்தது. கணம்தான். சட்டென்று சின்னவன் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். போட்டோ எடுக்கிறவனைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா, பண்புள்ள தம்பி! நல்ல உழைப்பாளி. இவர் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இவர்தான் கடைசி! இவருக்குப் பின்னாடி ஒருத்தன் நுழைய முடியாது!"

கைதட்டல் தெருவைத் தூக்கியது. கடை வாசலில் நின்ற கூட்டாளிகளில் ஒருவன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே கொட்டினான். இன்னொருவன் தன் தார்க் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்னவன் அங்கிருந்தே அவர்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் தோளில் கிடந்த கையைத் திரும்பிப் பார்த்தான்.

"கையை எடுங்க" என்றான்.

கோட்டுக்காரர் சிரித்த முகத்தோடு அவனை இன்னும் இறுக்கிப் பிடித்தார். போட்டோ இன்னும் எடுத்து முடியவில்லை. மைக் அவனுடைய வாய்க்கு நேராக இருந்தது.

"எடுடா கையை!"

தெரு முழுக்கக் கேட்டது.